இக்காலுவிட் முதல் ரெசலூட் வரை: ஆர்க்டிக் விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி

கனடாவின் நூனவுட் பகுதியில் இரண்டு விமான நிலையங்கள். ஒன்று பாஃபின் தீவிலுள்ள தலைநகர் இக்காலுவிட். மற்றொன்று அங்கிருந்து வடமேற்கே, கார்ன்வாலிஸ் தீவின் ஓரத்தில் இருக்கும் ரெசலூட். இடையில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று இணையத்தில் தேடினால் உடனே பதில் வந்துவிடும். தூரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். நேரம்தான் சொதப்பும். மணிக்கு 800 கி.மீ. பறக்கும் ஜெட்டை மனதில் வைத்துத் தூரத்தை வகுத்து, இரண்டு மணி நேரம் என்று போட்டுவிடுவார்கள். அதை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுப்பவர் மாட்டிக்கொள்வார்.

சாலை வழித் தூரம் என்று ஏதாவது எண் கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள். இந்த ஊர்களை இணைக்கும் சாலையே கிடையாது. இக்காலுவிட்டில் ஒரு சாலைக்கு ‘எங்கும் போகாத சாலை’ என்றே பெயர். பெயருக்கேற்றபடி ஊருக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். கோடையில் பனி உடையும்போது சரக்குக் கப்பல் வரும். மற்றபடி எல்லாம் விமானம்தான்.

ஒரு போன், ஒரு காகிதம், அரை மணி நேரம் இருந்தால் இந்தக் கணக்கு முழுவதையும் போட்டுவிடலாம். வடக்கில் வேறு எந்த இரண்டு நிலையங்களுக்கும் இதே வழி பொருந்தும்.

1. சரியான நிலையம்தானா என்று உறுதி செய்யுங்கள்

வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் தவறு தொடங்கும் இடம் இதுதான். வடக்கில் பல ஊர்கள் இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழிப் பெயருக்குத் திரும்பிவிட்டன, விமான நிலையக் குறியீடுகள் மட்டும் பழைய பெயரிலேயே நிற்கின்றன. இக்காலுவிட்டின் பழைய பெயர் ஃப்ரோபிஷர் பே. 1987-இல் பெயர் மாறியது. ஆனால் டிக்கெட்டில் இன்றும் ஒய்எஃப்பி (YFB) என்றுதான் இருக்கும். ரெசலூட்டின் குறியீடு ஒய்ஆர்பி (YRB). ‘ரிபல்ஸ் பே’ என்று பழைய வரைபடங்களில் ஓர் ஊர் வரும். ரெசலூட் பே என்று அவசரத்தில் படித்துவிடுவோம். அது வேறு ஊர். 2015 முதல் அதன் பெயர் நௌயாட். குறியீடு ஒய்யுடி (YUT).

வானிலை அறிக்கை பார்க்க நான்கு எழுத்துக் குறியீடு வேண்டும். கனடாவில் முன்னால் ஒரு ‘சி’ சேர்த்தால் போதும்: சிஒய்எஃப்பி (CYFB), சிஒய்ஆர்பி (CYRB).

2. ஆயங்களைத் தசம டிகிரியில் எழுதிக்கொள்ளுங்கள்

இக்காலுவிட்: வடக்கு 63.7564°, மேற்கு 68.5558°.
ரெசலூட்: வடக்கு 74.7169°, மேற்கு 94.9694°.

விமான நிலையக் கையேடுகளில் இவை டிகிரி, நிமிடம், விநாடி என்று இருக்கும். 63 டிகிரி 45 நிமிடம் என்பதை 63.45 என்று எழுதுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும். 45 நிமிடம் என்றால் 0.75.

மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போடுவது வழக்கம். இரண்டுக்கும் போட்டாலும் சரி, இரண்டுக்கும் போடாமல் விட்டாலும் சரி, தூரம் மாறாது. ஒன்றுக்கு மட்டும் போட மறந்தால் இக்காலுவிட் ரஷ்யப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும், தூரம் 4,570 கி.மீ. என்று காட்டும். விடை மூன்று மடங்காக வந்தால் முதலில் குறியைப் பாருங்கள்.

3. தூரம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. தெற்கே இருப்பவர்களுக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆர்க்டிக்கில் அது கணக்கையே கெடுத்துவிடும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கரேகை 111 கி.மீ. அகலம், ரெசலூட் இருக்கும் இடத்தில் அது 29 கி.மீ.தான். இதைக் கவனிக்காமல், இரண்டு ஊர்களுக்கும் இடையிலான டிகிரிகளை அப்படியே 111-ஆல் பெருக்கி பிதாகரஸ் தேற்றம் போட்டால் 3,174 கி.மீ. வரும். உண்மையான தூரத்தைப் போல இரண்டு மடங்கு.

போனின் கால்குலேட்டரைப் படுக்கை வாக்கில் திருப்பினால் சைன், காஸ் பொத்தான்கள் வரும். முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. -0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

கணக்கு இதுதான்: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரு அட்சரேகைகளின் காஸ்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸால் மறுபடி பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகைக்குக் காஸ் இன்வர்ஸ் போடுங்கள்.

சைன்கள்: 0.896922 × 0.964635 = 0.865203
காஸ்கள்: 0.442189 × 0.263589 = 0.116556
தீர்க்கரேகை வித்தியாசம் 26.4136°, அதன் காஸ் 0.89561
0.116556 × 0.89561 = 0.104388
கூட்டுத்தொகை: 0.969591
காஸ் இன்வர்ஸ்: 14.166°

இப்போது இதை 60-ஆல் பெருக்கினால் 850. அதுதான் கடல் மைலில் தூரம். பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி வளைவுக்கு 60 கடல் மைல் என்பதால் வேறு எந்த மாறிலியும் தேவையில்லை. 1.852-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்: ஏறத்தாழ 1,575. சாதாரண மைலில் 978. பூமி சற்றே தட்டையாக இருப்பதால் அரை சதவீதத்துக்குள் ஒரு பிழை இருக்கும். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை.

ஓர் எச்சரிக்கை. அருகருகே இருக்கும் நிலையங்களுக்கு இந்த முறையில் தசம இலக்கங்களைச் சுருக்கவே கூடாது. இடையிலுள்ள ஊரான ஆர்க்டிக் பேயிலிருந்து ரெசலூட்டுக்குக் கூட்டுத்தொகை 0.998398. விடை 195 கடல் மைல். அதை 0.998 என்று சுருக்கிப் போட்டால் 217 வந்துவிடும். ஆறு இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டர் இல்லாத இடத்தில் குறுக்குவழி ஒன்று உண்டு. தீர்க்கரேகை வித்தியாசத்தை, இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் காஸால் பெருக்கிவிட்டுப் பிறகு பிதாகரஸ் போடுவது. இங்கே நடு அட்சரேகை 69.24°, காஸ் 0.3545. விடை 865 கடல் மைல். பதினைந்து மைல்தான் தவறு. காகித உறையின் பின்பக்கத்தில் போடும் கணக்குக்கு இது தாராளம்.

4. பாதை எப்படி வளைகிறது என்று பாருங்கள்

விமானம் போவது பெருவட்டப் பாதையில்; அதாவது உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் கோட்டில். இக்காலுவிட்டிலிருந்து கிளம்பும்போது திசை (வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்தால்) ஏறக்குறைய 331°. ரெசலூட்டை நெருங்கும்போது 307°. விமானி எங்கும் திரும்பவில்லை, நேராகத்தான் போகிறார். ஆனாலும் உண்மை வடக்கை (காந்த ஊசி காட்டும் வடக்கு அல்ல, பூமியின் வட துருவம் இருக்கும் திசை) வைத்து அளந்த திசை வழியில் ஏறக்குறைய 25 டிகிரி மாறிவிடுகிறது. தீர்க்கரேகைகள் குவிவதால் வரும் விளைவு இது.

காந்த ஊசியை நம்ப முடியாத பகுதியும் இதுதான். வட காந்தத் துருவம் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ரெசலூட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது; பின்னர் சைபீரியா பக்கமாக நகர்ந்துவிட்டது. காந்தப்புலத்தின் இழுப்பு இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழ்நோக்கி இருப்பதால் ஊசி தடுமாறும். அதனால் கனடாவின் வடபகுதி வான்வெளியில் உண்மை வடக்கையே பயன்படுத்துகிறார்கள். ரெசலூட் ஓடுதளத்தின் பெயரைப் பாருங்கள்: 17டி, 35டி. அந்த ‘டி’ (T, True) உண்மை வடக்கைக் குறிப்பது. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃப் நகரிலிருந்து வந்த ஒரு போயிங் 737-200 விமானம் ரெசலூட்டில் இறங்கும்போது ஓடுதளத்துக்குக் கிழக்கே ஒரு குன்றில் மோதி 12 பேர் இறந்தார்கள். திசைகாட்டிக் கருவிகள் காட்டிய திசைப் பிழை, விசாரணையில் தெரியவந்த காரணங்களில் ஒன்று.

பயணிக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. வழக்கமான மெர்கேட்டர் வரைபடத்தில் இக்காலுவிட்டையும் ரெசலூட்டையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். ஆர்க்டிக் பே என்ற சிற்றூர் அந்தக் கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 200 கி.மீ. தள்ளித் தெரியும். அந்த வழியாகப் போனால் பெரிய சுற்று என்று தோன்றும். கணக்குப் போட்டால்: இக்காலுவிட்–ஆர்க்டிக் பே 659 கடல் மைல், ஆர்க்டிக் பே–ரெசலூட் 195. மொத்தம் 854. நேரடியாகப் போனால் 850. நான்கே நான்கு மைல்! ஊர் உண்மைப் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது. ஆகவே வழியில் ஆர்க்டிக் பேயில் இறங்கும் விமானம் உங்களைச் சுற்றவிடுகிறது என்று நினைக்காதீர்கள். அங்கே போவது தூரமல்ல, நேரம்.

5. எந்த விமானம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நேரத்தைத் தீர்மானிப்பதில் பாதி இதுதான். ரெசலூட்டின் ஓடுதளம் சரளைக்கல். நீளம் சுமார் 6,500 அடி. இக்காலுவிட்டில் 8,600 அடியில் தார்ப் போட்ட ஓடுதளம். தார் ஓடுதளத்தில் இறங்கும் எல்லா ஜெட்டுகளாலும் சரளையில் இறங்கிவிட முடியாது. கல் தெறித்து இன்ஜினுக்குள் போய்விடும். பழைய போயிங் 737-200-க்கு ஒரு சரளைக் கருவித் தொகுப்பு இருந்தது: மூக்குச் சக்கரத்தின் பின்னால் கல்லைத் தடுக்கும் தகடு, இன்ஜினின் முன்னால் காற்றை ஊதிச் சுழலைக் கலைக்கும் குழாய். அதற்கு அடுத்து வந்த 737-களுக்கு இன்ஜின் பெரிதாகித் தரையை நெருங்கிவிட்டதால் இந்த வசதி இல்லை. எனவே இந்தப் பாதைக்கு ஏடிஆர் 42 போன்ற டர்போப்ராப் (உந்துவிசிறியால் பறக்கும்) விமானம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

காற்றில்லாத நிலையில் ஏடிஆர் 42 பழைய ரகத்துக்கு 265 முதல் 270 நாட் என்று எடுத்துக்கொள்ளலாம் (மணிக்குச் சுமார் 500 கி.மீ.). நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். தூரத்தைக் கடல் மைலில் வைத்தால்தான் வகுத்தல் சுலபம். கிலோமீட்டரை நாட்டால் வகுத்துவிட்டு ஆறு மணி நேரம் என்று பயப்படுபவர்களும் உண்டு. ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானம் என்றால் 150 நாட். அதில் 850 கடல் மைல் என்பது கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் மணி நேரம்; கையிருப்பு எரிபொருளையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் நிரப்பாமல் போக முடியாது.

6. காற்று

850 ÷ 270 = 3.15 மணி, அதாவது 3 மணி 9 நிமிடம். இது காற்றே இல்லாத உலகத்தில்.

கனடாவின் வான்வழிச் சேவை அமைப்பான நாவ் கனடா, மேல்காற்று முன்னறிவிப்பை இலவசமாகவே தருகிறது. 18,000 அடி வரிசையைப் பாருங்கள். உதாரணமாக 2950-32 என்று இருந்தால்: காற்று 290° திசையிலிருந்து வருகிறது, வேகம் 50 நாட், வெப்பநிலை கழித்தல் 32. திசை உண்மை வடக்கில். 7920 என்று எங்காவது பார்த்தால் 790 டிகிரியா என்று குழம்ப வேண்டாம். வேகம் 100 நாட்டுக்கு மேல் போனால் திசை எண்ணுடன் 50 கூட்டி, வேகத்தில் 100 கழித்து எழுதுவார்கள். 79-இல் 50 போனால் 29, 20-உடன் 100 சேர்ந்தால் 120; அதாவது 290° திசையிலிருந்து 120 நாட். 9900 என்றால் காற்று மெல்லியது, திசை நிலையில்லை.

நம் பாதையின் நடுப்பகுதித் திசை சுமார் 320°. காற்று 290°. வித்தியாசம் 30°. எதிர்க்காற்று = 50 × காஸ் 30 = 43 நாட். தரைவேகம் 270 − 43 = 227. நேரம் 850 ÷ 227 = 3 மணி 45 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்: 313 நாட், 2 மணி 43 நிமிடம்.

போகும்போது இழந்ததை வரும்போது சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றும். முடியாது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 3 மணி 14 நிமிடம், காற்றில்லாததைவிட ஐந்து நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில் நீங்கள் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், பின்காற்றின் தயவோ குறைந்த நேரமே கிடைக்கிறது.

7. கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும் வரை

அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் அல்ல, ‘பிளாக் டைம்’. தரையில் உருளுவது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது எல்லாம் அதில் வரும். டர்போப்ராப்பில் ஒவ்வொரு புறப்பாடு–இறக்கத்துக்கும் 15 நிமிடம் சேருங்கள். நடுவில் ஊரில் நின்றால் அதற்கு 40 நிமிடம். இந்த 40 ஏன் என்று ஒருமுறை பார்த்தவருக்குப் புரியும். இங்கே பறக்கும் விமானங்கள் பல, பாதி சரக்கு, பாதி பயணி. முன்பகுதியில் வலைக்குள் பால் பெட்டி, டயர், மருந்து, ஸ்னோமொபைல் உதிரிப்பாகம், நடுவே ஒரு தடுப்பு, பின்னால் நீங்கள். ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாக. சரக்கு ஏறி முடியாமல் விமானம் நகராது. தடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தி இருக்கைகளைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

ஆர்க்டிக் பே வழியாக, மேலே சொன்ன எதிர்க்காற்றுடன்:

854 ÷ 227 = 3 மணி 46 நிமிடம்
இரண்டு புறப்பாடு–இறக்கம்: 30 நிமிடம்
நடு நிறுத்தம்: 40 நிமிடம்
மொத்தம்: 4 மணி 56 நிமிடம்

காற்றில்லாத நாளில் இதே பயணம் 4 மணி 20 நிமிடம். ஜெட் கணக்கு சொன்ன இரண்டு மணி நேரத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தூரம் ஒரு மைல்கூடத் தவறில்லை.

8. கடிகாரம்

இக்காலுவிட்டும் ஆர்க்டிக் பேயும் கிழக்கு நேரம். ரெசலூட் மத்திய நேரம், ஒரு மணி பின்தங்கியது. காலை 9:00-க்குக் கிளம்பி 4 மணி 56 நிமிடம் பறந்தால் கிழக்கு நேரம் 13:56. ரெசலூட் சுவர்க் கடிகாரத்தில் 12:56. டிக்கெட்டைப் பார்ப்பவருக்கு நான்கு மணி நேரம்கூட ஆகவில்லையே என்று தோன்றும். திரும்பும்போது நேர்மாறாக, ஒரு மணி கூடுதலாகத் தெரியும். இரு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே பாதுகாப்பு. வானிலை அறிக்கைகளும் பொது நேரத்தில்தான் வரும்.

9. இறங்க முடியாவிட்டால்

ரெசலூட்டின் இனுக்டிடுட் பெயர் கௌசுயிட்டுக். ‘விடியல் இல்லாத இடம்’ என்று பொருள். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை சூரியன் எழுவதில்லை. ஆனால் இருட்டு விமானத்தைத் தடுப்பதில்லை. குளிர்காலத்தில் தடுப்பது தரையோடு பறக்கும் பனித்தூள். கோடையில் கடல் மூடுபனி. ஆகஸ்டில் திறந்த நீரின் மேல் உருவாகும் மூடுபனி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வெயில் காலம்தானே என்று அப்போது போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இறங்க முடியாதபோது மாற்று நிலையம் ஆர்க்டிக் பே என்றால், அது 195 கடல் மைல் தள்ளி. காற்றைப் பொறுத்து 40 முதல் 50 நிமிடப் பறப்பு. அதற்குரிய எரிபொருளும், அதன் மேல் 45 நிமிடக் கையிருப்பும் புறப்படும்போதே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். எரிபொருள் எடை கூடினால் சரக்கும் பைகளும் குறையும். மோசமான வானிலை முன்னறிவிப்பு இருக்கும் நாளில் உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். பணியாளரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

மருந்து, கையுறை, ஒரு மாற்று உடை, சார்ஜர் இவற்றைக் கைப்பையில் வையுங்கள். ரெசலூட்டுக்குத் தினமும் விமானம் கிடையாது. ஒன்று தவறினால் அடுத்தது எந்த நாள் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இக்காலுவிட்டிலிருந்து ஒட்டாவா போகும் இணைப்பு விமானத்தை ரெசலூட்டிலிருந்து திரும்பும் அதே நாளில் வைக்காதீர்கள். இடையில் ஓர் இரவு விடுங்கள், குளிர்காலம் என்றால் இரண்டு.